பின்தங்கும் பிள்ளையின் பக்கத்தில்

மே மாதம் பிறந்து தேர்வு முடிவுகள் வெளியானதும், பங்கு இல்லத்தை நோக்கி வரும் பெற்றோரின் நடையிலேயே பிள்ளையின் மதிப்பெண் நமக்குத் தெரிந்துவிடும். நன்கு தேறிய பிள்ளையின் பெற்றோர் காலைத் திருப்பலி முடிந்த கையோடு இனிப்புப் பொட்டலத்துடன் வருவார்கள். பிள்ளையை முன்னே நடக்கவிட்டுத் தாங்கள் பின்னே வருவார்கள். தேறாத பிள்ளையின் பெற்றோர் மாலையில், கோவில் வளாகம் ஓய்ந்த பிறகு வருவார்கள். பிள்ளை உடன் வருவதில்லை. வந்தவர்களும் உடனே வாய் திறப்பதில்லை. கடலைப் பற்றியோ மழையைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எழுந்து போகிற வேளையில்தான், "சாமி, பையன் விஷயமாக ஒன்று சொல்லவேண்டும்" என்று தயங்குவார்கள்.

குருத்துவப் பணியில் செங்கற்பட்டு நகரத்திலும், மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊர்களிலும் பல ஆண்டுகள் இவ்விரு வகை வருகைகளையும் கண்டுவருகிறோம். காலையில் வருவோருக்கு நம்மிடமிருந்து வேண்டுவது ஓர் ஆசீர். அதைத் தருவது எளிது. மாலையில் வருவோரை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவர்கள் சொல்லும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். "எதுவும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது", "சோம்பேறி, வேறொன்றுமில்லை", "நீங்கள் கூப்பிட்டு நன்றாகக் கண்டித்துவையுங்கள்". இவற்றைச் சொல்லும் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். வட்டிக்கு வாங்கிக் கல்விக் கட்டணம் கட்டியவர்கள். தாங்கள் பெறாத வாழ்வைத் தம் பிள்ளை பெறவேண்டும் என்று உடல் தேய உழைப்பவர்கள். ஆயினும் ஒரு கேள்வியை அவர்கள் முன் வைக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை: பிள்ளை ஏன் பின்தங்குகிறான் என்பதை நாம் கண்டறிந்துவிட்டோமா? கண்டறியாமல் எதைக் கண்டிப்பது?

கிறித்தவக் கல்வியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டு வெளியிட்ட ஏடு, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று அறிவுறுத்துகிறது. இதைக் கேட்டதும் நம் மக்களில் பலர், "நாங்களே எழுதப்படிக்கத் தெரியாதவர்கள், நாங்கள் எப்படி ஆசிரியர்?" என்று சிரித்துவிடுகிறார்கள். ஆனால் திருச்சங்கம் பெற்றோரின் படிப்பைப் பார்த்து இப்பெயரைச் சூட்டவில்லை. உயிர் தந்தவர்கள் என்பதாலேயே சூட்டியது. பாடம் நடத்துவது பள்ளியின் கடமை. பிள்ளையை அறிவது பெற்றோரின் கடமை.

காரணத்தைத் தேடுவோம்

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் உடனே ஊசியை எடுப்பதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், எத்தனை நாளாக என்று கேட்கிறார். படிப்பில் பின்தங்குவதும் காய்ச்சலைப் போன்றதே. அது ஓர் அறிகுறி. நோய் வேறெங்கோ இருக்கிறது.

முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கவேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தை, "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொள்ளும். ஒரு காது மந்தமாக இருக்கும் குழந்தை கவனமற்ற குழந்தை என்று பெயரெடுக்கும். பள்ளி மாணவரின் பார்வையைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தமிழகத்தில் 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண், காது, குழந்தை நலம், மனநலம் ஆகிய பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போய்வரும் பெற்றோர், பல ஆண்டு அடியிலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.

இரண்டாவது வயிறு. பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் நெடுங்காலமாக அறியும். 1956 இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியதன் பொருள் அதுதான். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 சூலையில் ஊர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அவ்விரிவு திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாளின் பெயர் தாங்கிய தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. உணவைப் போன்றே உறக்கமும் தேவை. கடற்கரை வீடுகளில் தந்தை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கடலுக்குப் புறப்படுகையில் வீடே விழித்துக்கொள்கிறது. இரவிலோ கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணைவதில்லை. இரண்டுக்கும் இடையில் நசுங்குவது பிள்ளையின் தூக்கம். அவன் முதல் பாடவேளையில் உறங்குவதைச் சோம்பல் என்பது நியாயமாகாது.

மூன்றாவது, விட்டுப்போன படிக்கட்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக மூடப்பட்ட தமிழகத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அ, ஆ கற்கவேண்டிய வயதில் வகுப்பறையையே காணாமல் வகுப்பு மட்டும் ஏறிவந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. 'இல்லம் தேடிக் கல்வி' போன்ற முயற்சிகள் அவ்விடைவெளியை ஓரளவு அடைத்தன. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் ஈடுகட்டிவிடவில்லை. ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை, மூன்றாம் வகுப்புப் பாடத்தில் தடுமாறினால் வியப்பதற்கில்லை. அவனுக்கு ஏழாம் வகுப்புத் தனிப்பயிற்சி வைப்பதைவிட, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வெட்கமின்றித் திறந்துவைப்பதே மருந்து.

நான்காவது மொழி. வீட்டில் தமிழன்றி வேறு மொழி கேட்டறியாத குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அவன் மந்தமாகிவிட்டான் என்று வருந்தும் பெற்றோர் பலர். அவனுக்கு அறிவியல் புரியவில்லையா, அறிவியல் சொல்லப்பட்ட மொழி புரியவில்லையா? அதே பாடத்தைத் தமிழில் சொல்லிக் கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இறுதியாக, வீடு. தந்தையின் குடி, பெற்றோரின் பூசல், கடன்காரரின் குரல், ஒரு மரணம் ஆகிய யாவும் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின், பள்ளி திறந்தும் பல மாதங்கள் கரும்பலகையை விட்டுச் சன்னல் வழியே கடலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு வேண்டியிருந்தது தனிப்பயிற்சி அன்று. பக்கத்தில் அமர்ந்து, அலையைப் பற்றி அவர்கள் எத்தனை முறை பேசினாலும் கேட்கக்கூடிய ஒருவர்.

எழுத்தோடு போராடும் பிள்ளை

மேற்கண்ட காரணம் ஒன்றும் இல்லாமலும் சில பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், மீன்கூடை சுமந்து விற்கும் தாய் ஒருவர் தம் மகனைப் பற்றி நம்மிடம் சொன்னதை மறக்க இயலாது. "சாமி, இவன் வலையில கிழிசல் தைக்கிறான். வஞ்சிரம், வவ்வா, சங்கரான்னு குவியலைப் பாத்த உடனே பிரிச்சுச் சொல்றான். எனக்கு வரவேண்டிய பாக்கியெல்லாம் வாயாலேயே கணக்குப் போடறான். புத்தகத்தத் தொறந்தா மட்டும் ஊமையாயிடறான்."

ஆறாம் வகுப்பு மாணவன். அவனை நம் அருகில் அமர்த்தி ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னோம். 'கடல்' என்று எழுதியிருந்ததைக் 'கடை' என்று படித்தான். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தான். ஒரே சொல்லை முதல் வரியில் சரியாகவும் மூன்றாம் வரியில் தவறாகவும் படித்தான். வியர்த்தது. புத்தகத்தை மூடிவிட்டு, ஞாயிறன்று வாசித்த நற்செய்தி நினைவிருக்கிறதா என்று கேட்டோம். நிகழ்ச்சி முழுவதையும், யார் எங்கே நின்றார் என்பது உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னான். இப்பிள்ளைக்கா மண்டையில் ஏறவில்லை என்கிறோம்?

டிஸ்லெக்ஸியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் கற்றல் குறைபாடு அவனுக்கு இருந்தது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் பார்ப்பதில் மூளை காட்டும் ஒரு வேறுபாடு அது. அறிவுக் குறைவன்று, பெற்றோரின் குற்றமன்று, சோம்பலும் அன்று. மாத்திரையால் மாறுவதில்லை, பொறுமையான, படிப்படியான பயிற்சியால் பெரிதும் சீராகும். நம் தமிழ் எழுத்து ஒலிக்கு நேர்மையானது என்றாலும், 247 எழுத்துக்களின் வரிசை அப்பிள்ளைகளுக்குப் பெரிய மலை. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கும்போது ககரத்திற்குப் பின்னால் வரும் ஒகரம், எழுதும்போது ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. அவன் கண்ணுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிர்.

சென்னையில் 1990-களின் தொடக்கத்திலேயே இப்பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் ஆர்வலரும் கூடி மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை நிறுவினார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் இயற்றப்பட்டபோது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. மருத்துவச் சான்று பெற்று, பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் பெற வழியுண்டு. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இவற்றை அறியாமலேயே எத்தனை பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியைவிட்டுப் போயிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அப்பையனுக்குச் சிறப்பாசிரியர் சொன்ன பயிற்சிகளுள் ஒன்று, மணலில் விரலால் எழுத்தைப் பெரிதாக எழுதி, எழுதும்போதே உரக்க ஒலிப்பது. கண், கை, வாய், காது ஆகிய நான்கும் ஒரே எழுத்தில் ஒன்றுகூடும். "இது எங்க பாட்டன் படிச்ச படிப்பாச்சே!" என்றார் அவனுடைய தாய். அவர் சொன்னது மெய்யே. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் போதகர், நம் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797 இல் அவர் அதை நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

அத்தாய் மாலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நாள்தோறும் இருபது நிமிடம் மகனின் அருகில் மணலில் அமர்ந்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பைச் சலுகைகளோடும், இரண்டு பாடங்களைத் துணைத்தேர்விலும் எழுதி அவன் தேறினான். பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். இன்று படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறான். இன்றும் மெதுவாகவே படிக்கிறான், ஆனால் படிக்கிறான்.

சிற்பியின் பட்டறையில்

மாமல்லபுரத்தில் சாலையோரம் எங்கும் உளியோசை கேட்கும். அங்கே சிலை வடிக்கும் நண்பர் ஒருவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகன் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைக் கண்டு அவனைப் பெல்ட்டால் அடித்துவிட்டார். மனைவியின் வற்புறுத்தலால் நம்மிடம் வந்தார். அவர் பட்டறையைப் பற்றியே பேச்சைத் தொடங்கினோம்.

"புதிதாக ஒரு பையன் தொழில் பழக வந்தால், முதலில் என்ன கொடுப்பீர்கள் ஐயா?"

"சும்மா ஒரு கல்லுதான் ஃபாதர். கோடு போட்டு, கோட்டு மேலேயே கொத்தச் சொல்வேன். உளி பிடிக்கிற கை நிக்கணும் இல்லையா?"

"சாமி முகம் கொடுப்பீர்களா?"

"ஐயையோ! அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். கண்ணு தொறக்கிறதெல்லாம் கடைசியிலே."

"ஒருவேளை அவன் கை கோட்டிலே நிற்காவிட்டால்?"

"மறுபடி கோடுதான்."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "புரியுது ஃபாதர்" என்று எழுந்துகொண்டார். பட்டறையில் முன்பின் அறியாத பிள்ளைக்கு அவர் தரும் பொறுமை, தம் வீட்டில் தம் பிள்ளைக்குக் கிட்டவில்லை என்பதை நாம் சொல்லவேண்டியிருக்கவில்லை. வகுத்தல் தெரியாத பையனிடம் இயற்கணிதம் கேட்பது, உளி பிடிக்கத் தெரியாதவனிடம் சாமி முகம் கேட்பதே ஆகும். எந்தப் படியில் கால் வழுக்கியதோ அந்தப் படிக்கு இறங்கி அவனோடு நிற்கவேண்டும். அடிப்பதால் கை நிற்காது, நடுங்கும். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடைசெய்துவிட்டது. ஆசிரியருக்குத் தகாததென்று சட்டம் சொன்னது, பெற்றோருக்கு மட்டும் தகுமா?

ஆயினும் இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. கல் தன்னைச் செதுக்கிக்கொள்வதில்லை; பிள்ளையோ தன்னைத் தானே செதுக்குகிறான். உளி அவன் கையில் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது, விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்பதே.

எழுத்தறியாத பெற்றோரும் செய்யக்கூடியவை

வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். கல்லாதவர்க்கும் கேட்டல் துணையாகும் என்பது அவர் கருத்து. பெற்றோர்க்கும் இது பொருந்தும். மாலையில் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும், "என்ன மார்க்?" என்று கேளாமல், "இன்று என்ன நடந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பை அவனுக்குத் தாருங்கள். பாடத்தைத் தன் வாயால் விளக்கும் பிள்ளைக்கு அப்பாடம் இரண்டாம் முறை விளங்குகிறது. விளங்காத இடமும் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் மனமுடைந்து நடந்த இரு சீடரோடு சேர்ந்துகொண்ட ஆண்டவர், எடுத்த எடுப்பில் போதிக்கவில்லை. எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே விளக்கினார். அவர்கள் நடந்த திசை தவறானதென்று தெரிந்தும் உடன் நடந்தார்.

நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம் என்று படிப்புக்கு ஒதுக்குங்கள். வீடு ஒற்றை அறையாக இருக்கலாம். அந்த அரைமணி நேரம் தொலைக்காட்சி ஓய்ந்திருக்கட்டும், பெரியவர்களின் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். நீண்ட நேரம் தேவையில்லை. தடுமாறும் பிள்ளைக்கு இரண்டு மணி நேரத் திணிப்பைவிட இருபது நிமிடத் தொடர்ச்சி மேலானது.

படிப்பில் தடுமாறும் பிள்ளையைப் பள்ளி நாள்களில் வேலைக்கு நிறுத்தாதீர்கள். கரைவலை இழுக்கும் நாளும், கடை திறக்கும் நாளும், உறவினர் திருமணமும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஓராண்டில் பல வாரங்களை விழுங்கிவிடுகின்றன. கெட்டிக்காரப் பிள்ளை ஒருவாறு ஈடுகட்டிக்கொள்வான். இவனால் இயலாது.

ஆசிரியரைத் தேர்வுக்குப் பின் பார்ப்பதைவிட முன்னரே பாருங்கள். "என் பிள்ளை ஏன் படிப்பதில்லை?" என்று கேட்பதை விடுத்து, "எந்த இடத்தில் தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் குற்றச்சாட்டும், இரண்டாம் கேள்விக்கு வழியும் விடையாகக் கிடைக்கும். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் பெற்றோரே பெரும்பான்மையினர். நம் மக்கள் அக்கூட்டங்களுக்குப் போவதில்லை என்பது பெருங்குறை.

மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். குறிப்பாக, கூடப்பிறந்த பிள்ளையோடு. "உன் அக்காவைப் பார்" என்னும் சொல் அக்காவையும் தம்பியையும் ஒரே வீச்சில் பிரித்துவிடுகிறது.

மதிப்பெண்ணும் உயிரும்

இனி, எழுதக் கூசுவதாயினும் எழுதியாகவேண்டிய ஒன்று. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழகத்தின் எங்கோ ஓர் ஊரில் ஒரு பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டது என்னும் செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. தேர்வில் தோற்றதைவிட, தோற்றபின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்னும் அச்சமே அப்பிள்ளைகளைக் கொல்கிறது என்று கருதுகிறோம்.

கணிதமேதை இராமானுஜனை நாம் அறிவோம். 1904 இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் அவ்வுதவித்தொகையை இழந்தார். 1905 இல் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டு விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். அப்போது வயது பதினேழு. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் இருமுறை தோற்றார். இதை, உங்கள் பிள்ளையும் ஓர் இராமானுஜன் ஆவான் என்று தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. மிகப் பெரும்பாலான பிள்ளைகள் மேதைகள் ஆவதில்லை, ஆகவேண்டியதுமில்லை. அத்துணை பெரிய அறிவுக்கே தோல்வியின் வெட்கத்தைத் தாங்க முடியவில்லையென்றால், நம் எளிய பிள்ளையின் நெஞ்சு அந்நாளில் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள் என்பதற்காகவே சொல்கிறோம்.

ஆகவே முடிவு வருமுன்னரே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "எந்த மார்க் வந்தாலும் நேரே வீட்டுக்கு வா. சோறு ஆக்கிவைத்திருப்பேன்." அந்நாளில் அவனைத் தனியே விடாதீர்கள். உறவினர் மதிப்பெண் கேட்டால் பிள்ளையைப் பதில் சொல்லவைக்காமல் நீங்களே பேச்சை மாற்றுங்கள். தோற்ற பாடங்களை அதே ஆண்டில் துணைத்தேர்வில் எழுதலாம், ஓராண்டு வீணாவதில்லை. மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தையே தமிழக அரசு 2017 இல் கைவிட்டது. நாமோ இன்னும் தெருவுக்குத் தெரு முதலிடம் தேடிக்கொண்டிருக்கிறோம். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல், வாழ்ந்து பயனில்லை என்று ஒருமுறை சொன்னாலும் அதை நடிப்பென்று தள்ளாதீர்கள். 104 என்னும் மருத்துவ உதவி எண்ணும், 14416 என்னும் மனநல உதவி எண்ணும், 14417 என்னும் பள்ளிக்கல்வி வழிகாட்டி எண்ணும், குழந்தைகளுக்கான 1098-உம் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

பள்ளி அளக்காத அறிவும் உண்டு என்பதற்கு நம் மாவட்டமே சான்று. செங்கற்பட்டை அடுத்த சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவர், பாம்பு பிடிக்கும் கலைக்காக 2023 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். பள்ளிப் படிப்பு இல்லாத அவ்விருவரையும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து அறிஞர்கள் 2017 இல் அழைத்து, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கத் துணை வேண்டினார்கள். இதனால் பள்ளி வேண்டாமென்று பொருளில்லை. பிள்ளைக்குள் இருப்பதையெல்லாம் ஒரு மதிப்பெண் தாள் காட்டிவிடாது என்பதே பொருள்.

பங்கின் கடமை

இச்சுமையைப் பெற்றோர் மட்டும் சுமப்பது முறையன்று. நம் அன்பியங்கள் மாதந்தோறும் கூடுகின்றன. அங்கே யாருடைய பிள்ளை பின்தங்குகிறது என்று விசாரித்து அறிய வேண்டும். அது வம்புக்காக அன்று, துணைக்காக. கோவில் மண்டபம் மாலையில் பூட்டிக் கிடப்பதைவிட, பிள்ளைகள் அமர்ந்து படிப்பதற்குத் திறந்திருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இந்த மண்ணில் தோன்றி 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது அதுதானே! சாதி, சமய வேறுபாடின்றி எவர் பிள்ளையும் அங்கே வரலாம் என்று கதவில் எழுதிவைக்கலாம்.

பங்குத்தந்தையர்க்குப் பாதுகாவலராகத் திருச்சபை 1929 இல் அறிவித்த புனித ஜான் மரிய வியான்னியின் வரலாற்றைக் குருமடத்தில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 1786 இல் பிரான்சில் உழவர் குடியில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில் பள்ளி ஒழுங்காக நடக்காததால் கல்வி தடைப்பட்டது. இருபது வயதில் இலத்தீன் கற்கத் தொடங்கினார். அது அவருக்குச் சற்றும் வசப்படவில்லை. லியோன் குருமடத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டார். எக்குல்லி என்னும் ஊரின் பங்குத்தந்தை பல்லே அடிகளார் மட்டும் அவரைக் கைவிடவில்லை. தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டு, இலத்தீனில் புரியாததை அவருடைய தாய்மொழியான பிரெஞ்சில் விளக்கி, மேலதிகாரிகளிடம் அவருக்காகத் திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். 1815 ஆகஸ்டு 13 அன்று வியான்னி குருவானார். பின்னாளில் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள்.

பல்லே அடிகளார் பெரிய வித்தை எதையும் கையாளவில்லை. பிள்ளையின் தடுமாற்றத்துக்குக் காரணம் என்னவென்று பார்த்தார். புரியும் மொழியில் சொன்னார். பிறர் கைவிட்டபோது தாம் கைவிடவில்லை. பெற்றோரே, இம்மூன்றையும் செய்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. இன்று மாலை பிள்ளையின் பக்கத்தில் இருபது நிமிடம் அமருங்கள். உங்களுக்குப் புரியாத பாடமாயினும், அவன் படித்து முடிக்கும் வரை எழுந்துபோகாதீர்கள்.